பூச்சிக் கணக்கு

சென்ற சித்திரையில், வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கௌசல்யா அக்கா என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லு, தம்பி."

ஆங்கிலத்தில் ஒரே வரி. 412-ஆம் எண்ணுள்ள புகார் தீர்க்கப்பட்டது என்று இருந்தது.

"தீர்ந்துபோச்சாம் அக்கா" என்றேன்.

"யாருக்குத் தீர்ந்துச்சு? எனக்குப் பணம் வரலையே!"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கதை எழுதுகிறவனிடம் போய்க் கம்ப்யூட்டர் சங்கதி கேட்டால் அவன் என்ன செய்வான்? ஆனாலும் அந்த அம்மாளின் குரல் இரண்டு நாள் காதை விட்டுப் போகவில்லை. அதன் பின்னே போனதில் ஒரு சரித்திரமே கிடைத்தது. அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் அக்காவின் வழக்கைச் சொல்லிவிடுகிறேன். காமயகவுண்டன்பட்டிப் பக்கம் அவருக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர்த் திராட்சைப் பந்தல் இருக்கிறது. 2023-ஆம் வருஷம் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்த ஜாதிதான். குறியீடு கிடைத்தது கொடிக்கு. பணம் என்னவோ மண்டியிலிருந்துதான் வரவேண்டும். அந்த மண்டியில் முன்பெல்லாம் சிவப்புத் துணி போட்டுக் கட்டிய பேரேடு இருந்தது. இப்போது கணக்கு முழுவதும் கம்ப்யூட்டரில். இந்தத் தடவை பதினொரு பெட்டிப் பழம் போட்டுவிட்டுப் பணத்துக்குப் போனால், கணக்கு எழுதுகிற பெண் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்க பேர்ல போன வருஷக் கணக்கே இல்லையே" என்கிறாள். முன்பணம் வாங்கியதற்கு மண்டி கொடுத்த சீட்டு அக்கா கையில் இருக்கிறது. அதே யந்திரம் அச்சடித்த சீட்டு! பழைய பாக்கி என்னவென்று தெரியாமல் புதிய பணத்தைக் கொடுக்க முடியாது என்று மண்டிக்காரர் சொல்லிவிட்டார். அவர் மேலும் குற்றம் இல்லை. மென்பொருள் எழுதிக் கொடுத்த கம்பெனிக்குப் புகார் போயிற்று, எண் கொடுத்தார்கள், மூன்று வாரம் கழித்து, தீர்ந்தது என்று செய்தி வந்தது. அவ்வளவுதான்.

திருவிழாவுக்கு எங்கள் தெருப் பையன் ஒருவன் சென்னையிலிருந்து வந்திருந்தான். வேறொரு மென்பொருள் கம்பெனியில் வேலை. என்னை மாமா என்று கூப்பிடுவான். அவனிடம் மண்டியில் அச்செடுத்துக் கொடுத்த காகிதத்தைக் காட்டினேன். "பெயர் தேடினால் இல்லை என்கிறார் வாடிக்கையாளர். தேடினோம். கிடைத்தது. முடிக்கப்பட்டது." ஆங்கிலத்தில் இவ்வளவே இருந்தது. பையன் சிரித்தான்.

"எங்க ஆளுங்க இதுக்கு ஒரு பேரே வச்சிருக்காங்க, மாமா. ஒர்க்ஸ் ஃபார் மி. எனக்கு வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நோயாளி வயிற்றுவலி என்று வந்தால், "எனக்கு வலிக்கவில்லையே" என்று வைத்தியர் சொல்லி அனுப்புவாரா?

"அப்படி இல்ல மாமா" என்று அவன் விளக்க ஆரம்பித்தான். அவன் சொன்னதும், பிறகு நான் தேடிப் படித்ததும் சேர்ந்து வருமாறு:

கம்ப்யூட்டரில் நேரும் கோளாறுக்கு ஆங்கிலத்தில் 'பக்', அதாவது பூச்சி என்று பெயர். திராட்சைக்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும். கம்ப்யூட்டர் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே, 1878-இல், எடிசன் எழுதிய கடிதம் ஒன்றில் தம் கருவிகளில் முளைக்கும் சிறு கோளாறுகளைப் பூச்சி என்றே குறிப்பிட்டிருக்கிறார். பிறகு 1947-ஆம் வருஷம் செப்டம்பர் 9-ஆம் தேதி, அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் மார்க் இரண்டு என்ற பெரிய கணக்கு யந்திரத்துக்குள் நிஜமாகவே ஒரு விட்டில் புகுந்து மாட்டிக்கொண்டது. வேலை பார்த்தவர்கள் அதை எடுத்து, தினக்குறிப்புப் புத்தகத்தில் பசைத்தாளால் ஒட்டி, பூச்சி நிஜமாகவே அகப்பட்ட முதல் தடவை இதுதான் என்று வேடிக்கையாக எழுதிவைத்தார்கள். கிரேஸ் ஹாப்பர் என்ற அம்மையார் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி உலகப் பிரசித்தம் ஆக்கினார். விட்டிலோடு அந்தப் பக்கம் இன்னமும் அமெரிக்கத் தேசியப் பொருட்காட்சிசாலை ஒன்றில் இருக்கிறது.

விட்டிலைவிட அந்தப் புத்தகம்தான் என் மனத்தைக் கவர்ந்தது. கோளாறால் அவஸ்தைப்பட்டவர்களும் அவர்களே. கண்டுபிடித்தவர்களும், எழுதியவர்களும், சரிசெய்தவர்களும் அவர்களே. எல்லாரும் ஒரே அறையில் இருந்தார்கள். எழுதியது யாருக்குப் புரியும் என்ற பிரச்னைக்கே அங்கே இடமில்லை. கம்ப்யூட்டர் அந்த அறையை விட்டு வெளியே வந்து, செய்பவர் ஒரு ஊரிலும் உபயோகிப்பவர் இன்னொரு ஊரிலும் ஆன பிறகுதான் சங்கடம் பிறந்தது.

இதை எங்கள் பள்ளத்தாக்கின் பாஷையில் சொல்கிறேன். லோயர் கேம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரைக்கும் 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை நம்பி இருக்கிறது. தலைமடையில் நிற்பவன் கண்ணுக்குத் தண்ணீர் தளும்பிக்கொண்டு போகிறது. கடைமடைக்காரன் வந்து "தண்ணி வரலை" என்றால், "இங்கே போகுதே!" என்பான். அவன் சொல்வது பொய்யல்ல. அவன் நிற்கிற இடம் அப்படி. வாய்க்காலோடு இரண்டு பேரும் சேர்ந்து நடந்து பார்த்தால்தான் நடுவில் எங்கே உடைப்பு என்று தெரியும்.

புகார் எழுதுவதில் நாம் கற்றுக்குட்டிகள் அல்ல. பசலி முடிகிற மே, ஜூன் மாதங்களில் தாலுகா கச்சேரிகளில் ஜமாபந்தி நடக்கும். அடங்கல், சிட்டா முதலிய கிராமக் கணக்குகள் அத்தனையும் வந்து இறங்கும். ஜனங்கள் மனுவோடு வருவார்கள். கச்சேரி வாசலில் வேப்பமரத்தடியில் மனு எழுதுபவர் உட்கார்ந்திருப்பார். அவருடைய திறமையை நான் வெகு நேரம் நின்று ரசித்திருக்கிறேன். கிழவர் ஒருவர் தம் தம்பியின் துரோகம், மருமகளின் வாய், காளைமாடு செத்தது எல்லாம் சொல்லி அழுவார். எழுத்தர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "சர்வே நம்பர் என்ன?" அப்புறம் பத்தே வரியில் மனு தயாராகிவிடும். கிழவரின் துக்கம் சர்க்கார் பாஷையாக மாறும். அதை அவர் திருப்பி வாசித்தும் காட்டுவார். நம் கதை போலவேதான் இருக்கிறது என்று கிழவர் தலையாட்டிய பிறகே கைநாட்டு விழும்.

இந்த ஏற்பாடு எப்போதும் நல்லபடி இருந்ததென்று சொல்லவரவில்லை. கம்பெனியார் காலத்தில் சென்னை ராஜதானியில் வரி வசூலுக்காகக் குடியானவர்களைச் சித்திரவதை செய்தார்களா என்று விசாரிக்க 1854-இல் ஒரு கமிஷன் போட்டார்கள். எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்று மூன்று துரைமார். 1855-இல் வெளிவந்த அவர்கள் அறிக்கையைப் படித்தால் வயிறு எரியும். கொடுமை நடந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டதோடு, அதற்குப் பரிகாரம் தேடுவது ஏழைக்கு எத்தனை பிரயாசை என்பதையும் அதில் எடுத்துச் சொன்னார்கள். அடித்தது தாசில் சேவகன். கலெக்டரிடம் மனுப் போட்டால் அது விசாரணைக்கென்று தாசிலுக்கே திரும்பும். புகாரைப் படிப்பவனும் புகாருக்குக் காரணமானவனும் ஒருவனாகவே இருந்தால், புத்தகத்தில் எல்லாப் புகாரும் தீர்ந்ததாகத்தான் இருக்கும். 412-ஆம் எண்ணைப் பார்த்தபோது எனக்கு அந்த அறிக்கைதான் ஞாபகம் வந்தது. மண்டிக் கணக்கையும் சித்திரவதையையும் ஒப்பிடுவது அதிகப்பிரசங்கம்தான், வாசகர்கள் மன்னிக்கவும்.

இனிக் கம்ப்யூட்டருக்கு வருவோம். பூச்சிகளுக்குப் பொதுவில் கணக்கு வைப்பது பெரிய அளவில் 1990-களில்தான் வந்தது. 1993-இல் இயன் மர்டாக் என்ற அமெரிக்க இளைஞர் டெபியன் என்ற பெயரில், எவரும் எடுத்துக்கொள்ளக்கூடிய கம்ப்யூட்டர் ஏற்பாடு ஒன்றைத் தொடங்கினார். மறு வருஷம், இன்னொரு இயன் (இவர் ஜாக்ஸன், இங்கிலீஷ்காரர்) அதற்குப் பிழைப் பதிவேடு ஒன்றை எழுதிக் கொடுத்தார். அதன் எளிமையைப் பாருங்கள். ஒரு மின்னஞ்சல் எழுதத் தெரிந்தால் போதும். கணக்குத் திறக்க வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். கடிதம் போனதும் எண் திரும்பி வரும். அந்தப் பூச்சி ஒழிந்தது என்று ஒருவர் முடிக்க வேண்டுமானால், ஏன் முடிக்கிறேன் என்று எழுத வேண்டும். அந்தக் கடிதம் முதலில் புகார் எழுதியவருக்குப் போய்ச் சேரும். 1997-இல் டெபியன்காரர்கள் ஜனசமூகத்தோடு ஓர் ஒப்பந்தம் என்று எழுதிக்கொண்டபோது, எங்கள் குறைகளை மறைக்க மாட்டோம், பிழைப் பதிவேடு எப்போதும் எல்லாரும் பார்க்கும்படி திறந்தே இருக்கும் என்று அதில் ஒரு ஷரத்து வைத்தார்கள். தன் சரக்கின் குறைப்பட்டியலைக் கடை வாசலில் தொங்கவிடும் வியாபாரியை நான் வேறெங்கும் கண்டதில்லை!

1998-இல் நெட்ஸ்கேப் கம்பெனி தன் வலைத்தள உலாவியின் மூல எழுத்தை உலகத்துக்குத் திறந்துவிட்டது. அந்த வருஷமே டெர்ரி வைஸ்மன் என்பவர் எழுதிய பதிவேடும் வெளியே வந்தது. பெயர் பக்ஸில்லா. இதுதான் ஊரெல்லாம் பரவி, பின்னால் வந்த பதிவேடுகளுக்கு மூதாதை ஆயிற்று. 2002-இல் ஆஸ்திரேலியாவில் பிறந்த ஜிரா என்பதன் பெயர்கூட இதிலிருந்து வந்த கேலிதான். பக்ஸில்லா என்றதும் காட்ஸில்லா என்ற சினிமா ராக்ஷசன் நினைவு வர, அவனுடைய ஜப்பானியப் பெயரான கோஜிராவின் வாலை வெட்டி வைத்துக்கொண்டார்கள்.

பக்ஸில்லா செய்த பெரிய காரியம், பூச்சியின் ஜாதகத்தைக் கட்டங்களாகப் பிரித்தது. எந்த மென்பொருள், எந்தப் பகுதி, எந்தப் பதிப்பு, எவ்வளவு கடுமை, யார் பொறுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். சரிசெய்பவருக்கு இது வரப்பிரசாதம். ஆயிரம் புகாரில் தமக்கு உரியது எது என்று நொடியில் பொறுக்கிக்கொள்ளலாம். புகார் கொண்டுவந்தவருக்கோ அந்தக் கட்டங்கள் மதில் சுவர் மாதிரி. தன் கோளாறு எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்று தெரிந்திருந்தால் அவர் ஏன் புகார் எழுதுகிறார்? கடைசியில் தீர்ப்பு எழுதும் கட்டத்தில் உள்ள வார்த்தைகளோ இன்னும் விசேஷம். 'ஃபிக்ஸ்டு' என்றால் சரிசெய்தாயிற்று; இது நியாயம். 'டூப்ளிகேட்' என்றால் முன்பே இன்னொருவர் சொன்னது. 'இன்வாலிட்' என்றால் செல்லாது. 'வோன்ட் ஃபிக்ஸ்' என்றால் சரிசெய்ய மாட்டோம். 'லேட்டர்', அதாவது பிறகு பார்க்கலாம் என்றுகூட ஆரம்பத்தில் ஒன்று இருந்தது. கச்சேரிகளில் பழகிய நமக்கு அது புதிதில்லை, பின்னால் எடுத்துவிட்டார்கள். இவற்றோடு சேர்ந்ததுதான் நம் 'ஒர்க்ஸ் ஃபார் மி'.

இந்த வார்த்தைகள் சரிசெய்பவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட சங்கேதம். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவது போல. அவர்களுக்குள் யாரும் மனம் நோவதில்லை. அதே வார்த்தை புகார்க்காரர் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது, 'நீ சொன்னது செல்லாது' என்று ஆகிவிடுகிறது. ஒரு தரம் இப்படிப் பதில் வாங்கியவர் மறுபடி எழுதுவாரா?

வேறு விதமாக நடந்துகொண்டவரும் உண்டு. டொனால்டு கனூத் என்ற அமெரிக்கப் பேராசிரியர் புத்தகங்களை அழகாக அச்சுக்கோர்ப்பதற்கென்று 1978 தொடங்கி டெக் என்ற மென்பொருளை எழுதினார். அதில் கண்ட ஒவ்வொரு பிழையையும் நாட்குறிப்புப் போல எழுதிவந்து, 1989-இல் 'டெக்கின் பிழைகள்' என்று ஒரு கட்டுரையாகவே பிரசுரித்தார். தம் புத்தகங்களில் பிழை கண்டு சொல்பவருக்கு 2 டாலர் 56 சென்ட் காசோலை அனுப்புவது அவர் வழக்கம். 256 சென்ட் என்பது கம்ப்யூட்டர்க்காரர்கள் எண்ணும் முறையில் முழுமையான ஒரு தொகை. அந்த வேடிக்கைக்காகத்தான் இந்தக் கணக்கு. காசோலை வாங்கிய பலரும் வங்கியில் போடாமல் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். 2008-இல் மோசடிக்காரர்களின் தொல்லையால் நிஜக் காசோலையை நிறுத்திவிட்டு, இல்லாத ஒரு வங்கியின் பெயரால் சான்றிதழ் கொடுக்க ஆரம்பித்தார். மதிப்பு மட்டும் குறையவில்லை. என் நாவல்களில் அச்சுப் பிழை கண்டு எழுதும் வாசகர்களுக்கு நானும் இப்படி அனுப்பலாம் என்று யோசித்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கட்டுப்படியாகாது.

ஜனங்கள் எழுதவே வேண்டாம், யந்திரமே புகார் செய்யட்டும் என்றும் ஒரு வழி கண்டார்கள். 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, ஏதாவது மென்பொருள் திடீரென்று விழுந்துவிட்டால், அனுமதி கேட்டுக்கொண்டு விவரத்தைத் தானே கம்பெனிக்கு அனுப்பும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மண்டிக் கம்ப்யூட்டர் விழவில்லையே! பெயர் இல்லை என்று அடக்கமாகச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டது. தான் தப்புச் செய்ததாக அதற்கே தெரியாது. இப்படிப்பட்ட பூச்சியைப் பற்றி மனிதர் யாராவது வாய் திறந்து சொன்னால்தான் உண்டு.

வாய் திறந்தாலும் எதைச் சொல்வது? சைமன் டேட்டம் என்ற இங்கிலீஷ்காரர் 1999-இல் இதைப் பற்றி ஒரு நல்ல கட்டுரை எழுதினார். 'வேலை செய்யவில்லை' என்றால் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. என்ன செய்தீர்கள், என்ன பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். காரணம் இதுதான் என்ற ஊகத்தை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள் என்பது அவர் கட்சி. 2008-இல் நிக்கோலாஸ் பெட்டன்பர்க் முதலிய ஆறு பேர், அபாச்சி, எக்லிப்ஸ், மொசில்லா என்ற மூன்று பெரிய மென்பொருள் ஸ்தாபனங்களைச் சேர்ந்தவர்களிடமும் அங்கே புகார் எழுதியவர்களிடமும் விசாரித்து, 466 பதில்களை வைத்து ஆராய்ச்சி செய்தார்கள். சரிசெய்பவர்கள் எதை முக்கியமாக எதிர்பார்க்கிறார்கள்? கோளாறை மறுபடி வரவழைக்க என்னென்ன படி என்பதையும், யந்திரத்தின் உள்குறிப்புகளையும். புகார் எழுதுபவர்களுக்குக் கொடுப்பதற்கு மிகவும் கஷ்டமாக இருப்பது எது? அதேதான்! ஒரு பக்கம் தேவை, மறு பக்கம் இருப்பு, இரண்டும் பொருந்தவில்லை. ஆக நடுவே ஒரு மனு எழுதுபவர் இருக்கவேண்டிய இடம் காலியாக இருக்கிறது.

அந்த இடத்தில் எங்கள் தெருப் பையன் போய் உட்கார்ந்தான். திருவிழாவுக்கு மறுநாள் மூவரும் மண்டிக்குப் போனோம். அவன் யந்திரத்தைத் தொடவேயில்லை. "நீங்க எப்படித் தேடுவீங்களோ அப்படியே தேடுங்கக்கா" என்று கணக்கெழுதும் பெண்ணிடம் சொல்லிவிட்டு, விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கைப்பேசியில் தமிழ் எழுதிப் பழகியவள். ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டினால் 'கௌ' தானாக வந்து நிற்கும். "போன வருஷம் யார் எழுதினது?" என்று கேட்டான். வேலையை விட்டுப் போய்விட்ட ஒரு பெரியவர். தமிழ்த் தட்டச்சில் ஹையர் பரீட்சை தேறியவர். உடனே பையன் தொடையில் தட்டிக்கொண்டான்.

பழைய தட்டச்சு யந்திரத்தில் ஔகாரத்துக்குத் தனி விசை இல்லை. கொம்பு, க, ள என்று மூன்றையும் அடித்தால் காகிதத்தில் 'கௌ' ஆகிவிடும். கண்ணுக்கு அது போதும். யூனிகோடு என்ற இன்றைய ஏற்பாட்டிலோ, ஔகாரத்தின் பின்னால் நிற்கும் அந்தக் குறிக்கு ஓர் எண், பள்ளத்தில் வரும் 'ள'வுக்கு வேறோர் எண். பெரியவரின் விரல் யந்திரம் மாறிய பிறகும் பழைய வழியிலேயே போயிருக்கிறது. அவர் எழுதியது 'கெள'. இவள் தேடுவது 'கௌ'. திரையில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். யந்திரத்துக்கு இரண்டு வெவ்வேறு மனுஷிகள். ஒருத்தி முன்பணம் வாங்கியவள், இன்னொருத்தி பழம் போட்டவள். கம்பெனிக்காரர் தாமே ஒலிமுறையில் ஒரு கௌசல்யாவை எழுதி, தாமே தேடினார், கிடைத்தாள். எனக்கு வேலை செய்கிறது என்று எழுதிவிட்டார். அவர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை.

பையன் அதே 412-ஆம் எண்ணைத் திறக்கச் சொல்லி எழுதினான். அவன் எழுதிய விதத்தைச் சொல்லவேண்டும். முதலில் தமிழில், அக்கா சொன்னது சொன்னபடியே: "பேர் சீட்டுல இருக்கு, மெசின்ல இல்லைங்குறாங்க. பதினோரு பெட்டிக்குப் பணம் வரலை." அதன் கீழே கோடு போட்டு, ஆங்கிலத்தில் எந்த விசைக்குப் பின் எந்த விசை, எந்த எழுத்துக்கு என்ன எண் என்று ஐந்து வரி. கடைசியில், பணம் கைக்கு வந்ததென்று கௌசல்யா அம்மாள் சொன்ன பிறகே இதை முடிக்கவும் என்று ஒரு வேண்டுகோள். மேல்பாதியை அக்காவுக்கு வாசித்துக் காட்டினான். "அம்புட்டுத்தான், சரியா இருக்கு" என்றார். கீழ்ப்பாதியைப் பற்றி அவர் கேட்கவில்லை. கம்பெனிக்காரர் மேல்பாதியைப் படித்தாரா என்று நமக்குத் தெரியாது. இரண்டும் ஒரே காகிதத்தில், ஒரே எண்ணின் கீழ் இருந்தன.

எட்டாம் நாள் கம்பெனியிலிருந்து ஒருவர் அக்காவையே கைப்பேசியில் கூப்பிட்டார். தமிழில்தான் பேசினாராம். இரண்டு கணக்கையும் ஒன்றாக்கிவிட்டோம், மற்றப் பெயர்களையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம், பணம் வந்ததா என்று கேட்டிருக்கிறார். "இன்னும் மண்டிக்குப் போகலை தம்பி, நாளைக்குச் சொல்றேன்" என்று அக்கா சொல்லியிருக்கிறார். மறுநாள் போய், முன்பணம் கழித்து மீதியை வாங்கிக்கொண்டு, திரும்புகிற வழியிலேயே கூப்பிட்டுச் சொன்னார். அதற்கப்புறம்தான் தீர்ந்தது என்று செய்தி வந்தது.

அதே வாரத்தில் மண்டியில் இன்னொரு கணக்கும் ஒன்றாகியது. வருஷா வருஷம் திருவிழாவுக்கென்று ஒவ்வொரு வியாபாரியிடமும் பிடிக்கிற மகமைத் தொகையை அம்மன் பெயரிலேயே வரவு வைப்பார்களாம். கௌமாரியம்மனுக்கும் அங்கே இரண்டு கணக்கு இருந்திருக்கிறது.